எலோடியின் மகன்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. அந்தப் பெயரின் முன்பாதி முருகன் கோயிலில் வைத்தது, பின்பாதி மாதா கோயிலில் வைத்தது. எதை முதலில் எழுதினாலும் அவருடைய சொந்தக்காரர்களில் ஒரு பாதிப் பேர் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எனக்கு வயது நாற்பத்தாறு, இரத்தக் கொதிப்பு வேறு. வாசலுக்கு வருகிறவர்களைச் சமாளிக்கும் திராணி எனக்கு இளமையிலேயே இருந்ததில்லை.

அவரும் தம் பெயரை அதிகம் புழங்கியதில்லை. "நீ யார்?" என்று கேட்டவர் போலீஸ்காரராக இருந்தாலும் சரி, பூசாரியாக இருந்தாலும் சரி, முதலில் வரும் பதில் "எலோடியின் மகன்." மற்ற விவரமெல்லாம் அதற்குப் பிறகு, கேட்டவருக்குப் பொறுமை இருந்தால். போர்ட் லூயியைத் தலைநகராகக் கொண்ட எங்கள் தீவில், சுரினாம் என்ற எங்கள் ஊரில், ஆண்பிள்ளைகள் அப்பன் பெயரைச் சொல்லித்தான் தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். இவருக்கும் அப்பா இருந்தார். கப்பலில் வந்த தமிழனுக்குப் பிறந்து, கரும்பு வெட்டி, தாலி கட்டிக் குடும்பம் நடத்தி, மகனுக்குப் பத்து வயதாகும்போது செத்துப்போனவர். அவர்மீது மகனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் அம்மாதான் முன்னால் வருவாள்.

எலோடி கிரியோல் பெண். ஆப்பிரிக்காவிலிருந்து கட்டி இழுத்துவரப்பட்டவர்களின் வழி. அவளுடைய அம்மா ரோசின், ரோஸ் பெல் என்ற ஊர்க்காரி. ரோசினின் அம்மாவைப் பற்றிக் குடும்பத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்: மொசாம்பிக். அது அவள் பிறந்த ஊரா, அவளை ஏற்றிய துறைமுகமா, பெயர் கேட்க நேரமில்லாதவன் வைத்த பெயரா, யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதில் வருகிறவர்கள் பேசியதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். நான் அதைக் கோயில் வகுப்பில் கற்ற தமிழில் எழுதுகிறேன். அதனால் எல்லோரும் நேரில் இருந்ததைவிடக் கொஞ்சம் மரியாதையானவர்களாகத் தெரிவார்கள். நானும் அப்படித்தான்.

முப்பத்தேழில் தோட்டங்களில் தகராறு கிளம்பியபோது எங்கள் சக்கரை மில் வாசலிலும் கூட்டம் கூடியது. கல் பறந்தது, கண்ணாடி உடைந்தது. போலீஸ் வந்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கேட்டது. அன்றைக்கு ஏழு பேர் தங்கள் பெயர் ராமசாமி என்றார்கள். ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அது பெயரில்லை. எட்டாவதாக நின்றவர் நம்மவர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"எலோடியின் மகன். கோயிலுக்குப் பின்னால் வீடு. மாமரம் இருக்கும், அதற்கு இடது பக்கம்."

வழிகூடச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையிலேயே போலீஸ் மாமரத்துக்கு இடது பக்கம் திரும்பியது. சில வாரம் உள்ளே இருந்துவிட்டு வந்தவரிடம் ஊரே கேட்டது, ஏன் ஐயா உண்மையைச் சொன்னாய் என்று.

"கல்லெறிஞ்சது நான். ராமசாமி ஏன் மாட்டணும்?" என்றாராம்.

எலோடியை நான் பார்த்திருக்கிறேன். பெரிய உருவம், வெள்ளைப் பல், தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் துணி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவாள். தைப்பூசக் காவடிக்கு நாக்கில் வேல் குத்திக்கொண்டு பால்குடம் எடுப்பாள். மகனைக் கோயிலின் மாலைத் தமிழ் வகுப்புக்குக் காதைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தவளும் அவள்தான். இப்படி இரண்டு பக்கமும் போகிறாயே என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேருக்கும் என்னைத் தெரியும்" என்பாள். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கலாம். அவர்களுடைய ஆட்களுக்குத் தெரியவில்லை. போர் முடிந்த மறுவருஷம், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நாளில் எலோடி செத்துப்போனாள். நாக்கில் வேல் குத்தியவளுக்குத் தங்கள் கல்லறையில் இடமில்லை என்றார் அப்போதிருந்த பாதிரியார். மகன் எங்கள் கோயில் கமிட்டியிடம் வந்தார். கமிட்டியின் செயலாளர் என் அப்பா. எங்கள் கமிட்டி யாரிடமும் எதையும் முடியாது என்று சொன்னதே கிடையாது. அன்றும் சொல்லவில்லை. "எந்த முறைப்படி?" என்று ஒரு கேள்வியை மட்டும் எழுப்பினார்கள். காலையில் எழுப்பிய கேள்வி மாலை நாலு மணிக்கும் எழுந்தே நின்றது.

அதற்குள் மகன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொது இடுகாட்டின் வேலியோரம், கரும்பு தொடங்கும் இடத்தில், தானே குழி வெட்டினார். தலைமாட்டில் ஒரு எலுமிச்சம்பழம், கால்மாட்டில் ஒரு மெழுகுவர்த்தி. அன்றிலிருந்து அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. ஆனால் வருஷந்தோறும் காவடியன்று வாசல்வரை வருவார். என் அப்பாவைக் கூப்பிடுவார்.

"எலோடிக்கு இடம் ஆச்சா?"

அப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொள்வார். அவர் திரும்பிப் போய்விடுவார். அதேபோல் உயிர்த்த ஞாயிறன்று மாதா கோயில் வாசலிலும் நின்று கேட்பார் என்று கேள்வி. சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. ஒரு கேள்வி, அவ்வளவுதான். அப்பா காவடிக்குப் பத்து நாள் முன்பிருந்தே தூக்கம் கெட்டுப் புலம்புவார்.

நாற்பத்தெட்டில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஓட்டு என்று ஆனது. அதிகாரி முன்னால் நாலு வரி எழுதிக் காட்ட வேண்டும். எல்லோரும் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். இவர் தமிழில் எழுதியது இது: "என் அம்மா பெயர் எலோடி. அவளுக்கு எழுதத் தெரியாது. செத்துப்போய்விட்டாள். அவளுக்கும் சேர்த்து ஓட்டுப் போட வந்திருக்கிறேன்." சரிபார்க்க உட்கார்ந்திருந்த தமிழ் வாத்தியார் இரண்டு தடவை படித்துவிட்டு, "பிழை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் மில்லில் பிட்டர். கொதிகலனும் பம்புகளும் அவர் பொறுப்பு. நான் அதே மில்லின் ஆபீசில் மூன்றாவது குமாஸ்தா. நாலாவது குமாஸ்தா கிடையாது. என்னை "மிஸ்யே குமாஸ்தா" என்று கூப்பிடுவார். மிஸ்யே என்றால் எங்கள் பேச்சில் ஐயா. அவர் வாயில் அது கொஞ்சம் நீளமாக வரும், அந்த நீளத்தில்தான் கேலி இருக்கும். நான் அவரை அண்ணே என்பேன்.

ஒரு பம்புக்கு உதிரிச் சாமான் வாங்கப் போர்ட் லூயி துறைமுகத்துக்குப் போனவர், சாமானோடு ஒரு நீல அட்டைப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். பழுதுக்கு ஒதுங்கியிருந்த ஓர் அமெரிக்கக் கப்பலின் என்ஜின் ஆள் கொடுத்ததாம். அந்த ஆள் மார்மன் மதத்துக்காரன். அமெரிக்காவிலேயே முளைத்த ஒரு கிறிஸ்தவக் கிளை அது.

"இங்கிலீஷில் இருக்கு. நீ படிச்சுச் சொல்லு, மிஸ்யே குமாஸ்தா. உன் இங்கிலீஷ் ஆபீசில் வீணாத்தானே போகுது."

மதியச் சாப்பாட்டு வேளையில், சக்கரை மூட்டைமேல் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். எனக்குப் புத்தகப் பைத்தியம். எதை வேண்டுமானாலும் படிப்பேன், எதையும் நம்பமாட்டேன். அவர் அதற்கு நேர் எதிர். என் வாழ்நாளில் நான் படித்த புத்தகங்களையெல்லாம் அடுக்கினால் ஓர் அறை நிறையும். அவர் இந்த ஒன்றையும் அதோடு தபாலில் வந்த சில பிரசுரங்களையும்தான் கேட்டார். எங்கள் இருவரில் யார் அதிகம் படித்தவர் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

புத்தகத்தைவிட அந்த ஜனங்களின் சரித்திரம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு பண்ணைப் பையன் கடவுளைக் கண்டதாகச் சொன்னதும், அவனை நம்பியவர்களை ஊர் ஊராக விரட்டியதும், வீடுகளைக் கொளுத்தியதும், கடைசியில் அவர்கள் கைவண்டிகளில் சாமானை ஏற்றிப் பனியிலும் பாலைவனத்திலும் நடந்துபோய் ஓர் உப்பு ஏரிக்கரையில் ஊர் கட்டியதும் எல்லாம் பிரசுரத்தில் இருந்தன.

"வண்டியை மாடு இழுக்கலையா?"

"இல்லை அண்ணே. மாடு வாங்க வழியில்லை. ஆம்பளையும் பொம்பளையுமா அவங்களே இழுத்திருக்காங்க."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "அப்போ நம்ம ஆளுங்கதான்" என்றார்.

அன்றிலிருந்து, அவர்கள் மத விதிப்படி, ரம் இல்லை, சுருட்டு இல்லை, தேநீர் இல்லை, காப்பி இல்லை. சுற்றிலும் தேநீரும் ரம்மும் வடிகிற தீவில் அவர் எலுமிச்சைப் புல்லைக் கொதிக்கவைத்துக் குடித்தார். மில்லில் அவருக்கு மார்மன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஏய் மார்மன், உங்க ஆளுங்க ஏழெட்டுப் பெண்டாட்டி கட்டுவாங்களாமே?"

"அதெல்லாம் முன்னால. நிறுத்திட்டாங்க."

"நிறுத்தின பிறகு போய்ச் சேர்ந்திருக்கியே, உன்னைப்போல ஒரு முட்டாள் உண்டா!"

"ஒண்ணே அமையலை எனக்கு. மீதி ஏழுக்கு நீ ஏன்டா அழுறே?"

வெட்டு முடிந்த நாளில் மில் முதலாளி எல்லோருக்கும் தன் கையால் ரம் ஊற்றிக்கொடுப்பது வழக்கம். அதை மறுத்தவன் கிடையாது. இவர் தன் தகரக் குவளையில் புல் தண்ணீரை உயர்த்திப் பிடித்தார். முதலாளி முகம் சிவந்து, "என் ரம்மில் என்ன குறை?" என்றார். "ரம்மில் குறை இல்லை, மிஸ்யே. உங்களுக்கு மகிழ்ச்சி உண்டாகட்டும்னு எதைக் குடிச்சாலும் சொல்லலாமே" என்றார் இவர். பக்கத்தில் நின்ற நான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குடித்தேன். சமாதானத்துக்காக.

ஒரு நாள் தபாலில் வந்த பிரசுரத்தில் ஒரு பக்கத்தைப் படித்தேன். செத்துப்போனவர்களுக்குப் பதிலாக உயிரோடு இருப்பவர் தண்ணீரில் மூழ்கி எழுந்து, அவர்களைச் சபைக்குள் சேர்க்கலாம். அது மட்டுமல்ல, அம்மாவையும் மகனையும் காலாகாலத்துக்கும் பிரியாதபடி சேர்த்துவைக்கும் சடங்கு ஒன்றும் அவர்களுடைய பெரிய கோயிலில் உண்டு.

"திரும்பப் படி."

படித்தேன்.

"செத்தவங்களையும் கூப்பிடுறாங்களா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எந்த முறைப்படின்னு கேக்கமாட்டாங்களா?"

பக்கத்தை மறுபடி பார்த்தேன், அந்தக் கேள்வி அதில் எங்கும் இல்லை. அவர் எழுந்து, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்து, கொதிகலன் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "எலோடிக்கு இடம் ஆச்சு" என்றார். கொதிகலனிடம் சொன்னதுபோல இருந்தது.

அவர் சொல்லச் சொல்ல நான் ஆபீஸ் டைப்ரைட்டரில் கடிதம் அடித்தேன். தீவில் அவர்களுக்குச் சபை கிடையாது. கடிதம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. பதிலோடு ஒரு படிவம் வந்தது. மரம்போலக் கிளை கிளையாகக் கோடு போட்டு, அப்பா, அம்மா, அவர்களின் அப்பா, அம்மா என்று பெட்டிகள். கூடவே ஒரு தாள். அந்தத் தாளை நான் ஆபீசில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். அக்காலத்தில் அங்கிருந்த விதி அது. ஆண்பிள்ளை ஒருவனுக்குக் குருத்துவம் வேண்டுமானால், பெரிய கோயிலுக்குள் போக வேண்டுமானால், அவனுடைய ஒவ்வொரு கிளையும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே போய் முடிகிறது என்று காட்ட வேண்டும். கறுப்பு இரத்தம் இருந்தால் உறுப்பினராகலாம், மூழ்கலாம். அதோடு சரி.

அவருக்கு நான் அந்தத் தாளைப் படித்துக் காட்டவில்லை.

அவர் பாட்டுக்குப் போர்ட் லூயி போய், குடியேறிகள் பதிவேட்டில் தாத்தாவின் விவரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நம்பர், கப்பல், இடது கன்னத்தில் தழும்பு, பிழையாக எழுதிய ஊர்ப்பெயர். "தழும்பைக்கூட எழுதிவச்சிருக்கான் பார்" என்று மில் முழுக்கக் காட்டினார். அம்மா பக்கத்துக்குக் காகிதம் ஏதும் இல்லை. சொல்லத்தான் சொன்னார். "எலோடி. அவள் அம்மா ரோசின். அவள் அம்மா மொசாம்பிக். அப்படியே அடி."

நான் கோழை. வெறும் கோழையால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் படித்த கோழை. ஒரு நல்ல மனிதர் ஆசைப்பட்டதை ஒரே ஒரு சொல்லை மாற்றிக் கிடைக்கச் செய்யலாமே என்று என் மூளை வேலை செய்தது. பாண்டிச்சேரியில் கிறிஸ்தவத் தமிழர்கள் உண்டு. அவர்களுக்கு எலோடி, ரோசின் என்றெல்லாம் பிரெஞ்சுப் பெயர்களும் உண்டு. பாண்டிச்சேரியிலிருந்து இங்கே வந்தவர்களும் உண்டு. மொசாம்பிக் இருக்க வேண்டிய பெட்டியில் பாண்டிச்சேரி என்று அடித்தேன். எலோடியைத் தமிழச்சியாக்க எங்கள் கமிட்டிக்கு ஒரு நாள் முழுக்கப் போதவில்லை. எனக்கு அரை நிமிஷம் போதும் என்று பெருமைகூடப் பட்டேன்.

இரண்டு மாதத்தில் பதில். அவர்களுடைய ஊழியர்கள் இருவர் கப்பலில் இந்தப் பக்கம் வருகிறார்கள். ஒரு வாரம் தங்குவார்கள். ஞானஸ்நானம் கொடுக்கத் தயார்.

ரயிலில் வந்து பக்கத்து ஊரான சூயாக்கில் இறங்கினார்கள். டை கட்டி, காது மட்டும் வெயிலில் சிவந்து, இரண்டு பையன்கள். பெரியவனுக்கு இருபத்திரண்டு இருக்கும். அவர்களுடைய பட்டம் மூப்பர். நம்மவருக்கு அப்போது நாற்பது. "வாங்க மூப்பரே" என்று இவர் அந்தப் பிள்ளைகளின் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டரே சிரித்தார்.

ஞாயிறு காலை சவான் ஆற்றங்கரையில் ஊரே கூடிவிட்டது. மில் ஆட்கள், கோயில் ஆட்கள், பூசை முடிந்து வந்த மாதா கோயில் ஆட்கள். என் அப்பா குடையோடு வந்திருந்தார். நம்மவர் புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டையும் கால்சட்டையுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பெரிய மூப்பரும் வெள்ளை உடுப்பில் இறங்கினான். சின்னவன் கரையோரம் கணுக்கால் தண்ணீரில் சாட்சியாக நின்றான். உடம்பில் ஒரு முடி வெளியே தெரிந்தாலும் சடங்கு செல்லாதாம். அதைப் பார்த்துச் சொல்வது சாட்சியின் வேலை. நான் மொழிபெயர்ப்பாளன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றேன்.

தொடங்குமுன் பெரியவன் என் படிவத்தை விரித்து, விவரம் சரிதானா என்று ஒவ்வொன்றாகப் படித்தான். அப்பா, தாத்தா, கப்பல், தழும்பு. அவர் தலையாட்டினார். பிறகு எலோடி. ரோசின். பாண்டிச்சேரி.

"என்ன சொன்னான்?" என்றார் என்னிடம்.

"விவரம் படிக்கிறான், அண்ணே."

"பாண்டிச்சேரின்னு ஒரு சொல் வந்துச்சே."

நான் ஆற்றைப் பார்த்தேன். ஆறு எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. தாழ்ந்த குரலில், அந்தத் தாளில் இருந்ததையும் நான் அடித்ததையும் சொன்னேன். "தலையை ஆட்டிடுங்க அண்ணே. யாரும் தேடிப் பார்க்க முடியாது. இவங்க போயிடுவாங்க. உங்களுக்கு வேண்டியது கிடைச்சிடும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒரு பம்பைக் காது கொடுத்துக் கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.

"மிஸ்யே குமாஸ்தா, அவளைச் சேர்க்கத்தானே இவங்களைக் கூப்பிட்டேன். அவளை வெளியில நிறுத்திட்டு யாரைச் சேர்க்கப்போறேன்?"

பிறகு பெரியவன் பக்கம் திரும்பி, கரையிலிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "மொசாம்பிக்!" நான் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் போன ஒரே சொல் அதுதான்.

பெரியவன் முகம் விழுந்துவிட்டது. கெட்டவன் இல்லை. மென்மையாகத்தான் பேசினான். உங்களை இப்போதும் மூழ்கவைக்கலாம், நீங்கள் எங்கள் சகோதரர், ஆனால் குருத்துவம் கிடையாது, பெரிய கோயிலுக்குள் போக முடியாது, அம்மாவோடு சேர்த்துவைக்கும் சடங்கு இந்த வாழ்வில் இல்லை, பின்னால் கடவுளுக்குச் சித்தமானால் உண்டு. ஒவ்வொரு துண்டாக நான் கிரியோலில் சொன்னேன்.

"எத்தனை நாள் பின்னால்?"

"அது தெரியாது என்கிறான்."

"கேளு அவனை, கைவண்டி இழுத்தவங்களோட பேரப்பிள்ளைதானே நீன்னு. ஊர் ஊரா விரட்டினாங்களே, வாசலில் நின்னா எப்படி இருக்கும்னு உங்க வீட்டில யாரும் சொல்லித் தரலையா?"

அதை மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு சொல்லையும் மாற்றாமல் செய்த மொழிபெயர்ப்பு அதுதான். பெரியவன் படிவத்தை மடித்துக்கொண்டு கரையேறினான். மாதா கோயில் பக்கமிருந்து ஒருத்தி, "அயோ, மூணாவது வாசலும் போச்சா!" என்றாள். சிரிப்பு எழுந்தது. என் அப்பா சிரிக்கவில்லை. குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நம்மவர் தண்ணீரைவிட்டு வரவில்லை.

"மிஸ்யே குமாஸ்தா, இங்கே வா."

"எதுக்கு அண்ணே?"

"வாடா."

போனேன். என் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கரைக்கு வீசினார். "எலோடிக்குப் பதிலா நீ மூழ்கப்போறே."

"அண்ணே, பொம்பளைக்குப் பதிலாப் பொம்பளைதான் நிக்கணும்னு இவங்க புத்தகத்தில…"

"உன் அம்மாவைக் கூப்பிடட்டுமா?"

என் அம்மா கரையில்தான் இருந்தாள். வேறொரு தடையைத் தேடிப் பிடித்தேன்.

"அதிகாரம் வேணுமாம் இதுக்கு, அண்ணே. சும்மா யாரும் செய்ய முடியாது."

"அவள் வயித்தில பிறந்திருக்கேன். அதுக்குமேல என்ன அதிகாரம்?"

வலது கையை உயர்த்தினார். எலோடி, ரோசினின் மகள், மொசாம்பிக்கின் பேத்தி என்று கத்திச் சொல்லி, என் மூக்கைப் பிடித்து, முதுகில் கைகொடுத்து அமுக்கினார். தண்ணீர் சில்லென்றிருந்தது. எழுந்து மூச்சு வாங்கினேன். முடிந்தது என்று நினைத்தபோது கரையிலிருந்து ஒரு குரல். சின்ன மூப்பர்.

"முடி!" என்றான் இங்கிலீஷில். "முடி தெரிந்தது. திரும்பச் செய்யணும்."

பெரியவன் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். சின்னவன் நகரவில்லை. கணுக்கால் தண்ணீரில் நின்ற இடத்திலேயே, சிவந்த காதுகளோடு, என் தலையைப் பார்த்தபடி நின்றான். சாட்சி வேலையை அவன் இன்னும் விடவில்லை.

நம்மவர் அவனைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். என்னைத் திரும்ப அமுக்கினார். இந்தத் தடவை அடிமண் என் முதுகில் பட்டது. எழுந்தபோது சின்னவன் சொன்னான்: "சரி." யாரும் சிரிக்கவில்லை.

கரையேறியதும் என் அப்பா கேட்டார்: "என்னடா இது கோலம்? நீ இப்ப யாரு?" எனக்குப் பதில் தெரியவில்லை. வெகுநாள் தெரியாமலே இருந்தது.

மறுநாள் அவர்கள் ரயிலேறியபோது நம்மவர் இரண்டு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார். மதத்தை விடவில்லை. கடைசிவரை எலுமிச்சைப் புல்தான். "அவங்க சரித்திரம் நல்ல சரித்திரம். அவங்களே மறந்துட்டாங்க. ஞாபகப்படுத்தணும்" என்றார். அந்த வாரமே என்னைப் புதிய படிவம் அடிக்கவைத்தார். இம்முறை பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். கீழே ஒரே கேள்வி: எலோடிக்கு இடம் ஆச்சா? வருஷத்துக்கு ஒன்று, உப்பு ஏரி ஊருக்கே நேராக. வருஷத்துக்கு ஒரு மரியாதையான பதில்.

அறுபதுகளில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவன் எந்தச் சமூகம் என்று கேட்டான். இவர் வழக்கமான பதிலைச் சொன்னார். அந்தப் பெயரில் பெட்டி இல்லையே என்றான் அவன். "அப்போ புதுசா ஒரு பெட்டி போடு. கோடுதானே, ஸ்கேல் என்கிட்ட இருக்கு" என்று எடுத்து நீட்டினாராம்.

தீவின் சுதந்திரத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் அவர் போய்விட்டார். வேலியோரம், அம்மாவுக்குப் பக்கத்தில், நான் குழி வெட்டினேன். மூன்றாவது குமாஸ்தா வெட்டிய குழி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பாதியில் மில் ஆட்கள் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். எலுமிச்சம்பழமும் மெழுகுவர்த்தியும் இரண்டிரண்டாக வைத்தோம்.

இந்த மார்ச்சில் சுதந்திரம் வந்து கொடி மாறியது. அடுத்த வாரம் நான் இந்த வருஷப் படிவத்தை உறையிலிட்டுத் தபாலாபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞன் உறையைத் திருப்பிப் பார்த்தான்.

"அனுப்புநர் பெயர் விட்டுப்போச்சு, மிஸ்யே."

பேனாவை வாங்கி எழுதினேன்: எலோடியின் மகன்.

"இது உங்க பெயரா?"

"ஒரு தடவை முக்கி எடுத்து வச்ச பெயர். இரண்டு தடவை. முதல் தடவை முடி தெரிஞ்சது."

அவன் முத்திரை குத்தினான். பதில் வரும். மரியாதையாகத்தான் வரும். வரட்டும். டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன் போட்டிருக்கிறேன்.